எல்லா ஊரிலும் ஒரே அறை

திருப்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்கு எரிச்சல் மூட்டிய முதல் விஷயம் அந்த 'ங்க'. நான் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் ஊரில் மரியாதை கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுப்போம், மற்றவர்களோடு வாய்க்கு வந்தபடி பேசுவோம். இங்கேயோ டீ கொண்டுவருகிறவருக்கும் ங்க, வங்கி மேலாளருக்கும் ங்க, வாசலில் குறுக்கே படுத்திருக்கும் நாய்க்கும் "அக்கட்டப் போங்க". அதிலும் என் முதலாளி ஒரு படி மேல். சேவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பனியன் கம்பெனி ஆரம்பித்து, ஏற்றுமதி வரைக்கும் வந்தவர். துணியைக் கெடுத்துவிட்ட சாயப்பட்டறைக்காரரை அவர் போனில் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். "நீங்க பண்ணுனது நெம்பத் தப்புங்க. என்ற மூஞ்சியில கரியப் பூசிட்டீங்க" என்றார். திட்டு வாங்கியது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ங்க போடாமல் அவர் பேசியது ஒரே ஒருவரிடம்தான். மதியம் வீட்டுக்குப் போன் போட்டு, "ஏ புள்ள, சோறாக்கிட்டயா?" என்பார். உலகத்தில் அவருடைய மனைவிக்கு மட்டும் கிடைத்த ஒருமை அது.

மற்றபடி எளிமையான ஆள். பழைய கார், சாதாரணச் சட்டை. எங்கள் கம்பெனித் துணியிலேயே கழித்துப்போட்ட டீ-ஷர்ட்டைத்தான் வீட்டில் போட்டுக்கொள்வார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குப் பிடிவாதம் உண்டு. துணி வாங்கும் பையர்களைப் பார்க்க வெளிநாடு போனால் ஒரே ஓட்டல் குழுமத்தில்தான் தங்குவார். அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் ஆபீசிலும் யாரும் அந்தப் பெயரைச் சொன்னது கிடையாது. பலகையில் ஒற்றைக் காலில் நிற்கும் பறவை இருந்ததால் அது கொக்கு ஓட்டல். அதற்குப் போட்டியாக இருந்த இரண்டு குழுமங்களுக்கும் இதே கணக்கில் பெயர் வைத்திருந்தோம், குடை ஓட்டல், தேர் ஓட்டல் என்று. மூன்றிலும் உறுப்பினர் திட்டம் இருந்தது. தங்கத் தங்கப் பாயிண்ட் ஏறும், பாயிண்ட் ஏற ஏற அட்டையின் நிறம் மாறும்.

பக்கத்துக் கம்பெனி முதலாளி ஒருவர் குடைக் கட்சி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்தால் ஆர்டர், நூல் விலை எல்லாம் மறந்து போகும்.

"எங்க குடையில காலை டிபன் ஓசிங்க. சாயங்காலம் வரைக்கும் ரூமக் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. உங்க கொக்கு மத்தியானமே பொட்டியத் தூக்கி வெளிய வெச்சிருமே?"

"டிபனுக்காக ஆருங்க தங்குவாங்க?" என்பார் இவர். "குடைக்காரங்க பாயிண்ட அள்ளித்தான் குடுக்கறாங்க, இல்லீங்கல. ஆனா அதெ வெச்சு ஒரு நாள் தங்கோணும்னா எவ்வளவு வேணும்னு கேட்டுப் பாருங்க. இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்றாங்க. சேத்து வெச்சது சேத்து வெச்சபடியே இருக்குது, மதிப்பு மட்டும் கரைஞ்சு போயிருதுங்க."

"அப்ப தேருக்குப் போங்க. கோட்டையாட்டம் ரூம் குடுக்கறாங்க."

"தேர்க்காரங்க ஊரூருக்கு இருக்கற பழைய ஓட்டலாப் பாத்து போர்டு மாட்டி உடறாங்க. ஒரு ஊர்ல கோட்டை, அடுத்த ஊர்ல மாட்டுக் கொட்டாய். அது ஜாப் ஒர்க்குங்க. லேபிள் அவங்குளுது, தையல் ஆருதோ."

ஜாப் ஒர்க் என்றால் இங்கே எல்லாருக்கும் புரியும். வந்த ஆர்டரை நாமே தைக்காமல் வெளியே சின்ன யூனிட்டுகளுக்குக் கொடுத்து வாங்குவது. பாதி திருப்பூர் அதில்தான் பிழைக்கிறது. ஆனால் அவருக்கு அதைப் போல ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. கொடுத்த சாம்பிள் எப்படியோ அப்படியே கடைசிப் பெட்டி வரைக்கும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய வேதம். சாயம் போடும் லாட் மாறினாலும் நிறம் மாறக்கூடாது. மாறினால், பையர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் இவரே கண்டுபிடித்து இவரே கழித்துவிடுவார். நஷ்டத்தில் மகன் தலையில் கை வைத்து உட்காருவார்.

ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் என்ற முறையில் முதன்முதலாக அவரோடு நான் போனது ஹாம்பர்க்குக்கு. கொக்கு ஓட்டலில் எனக்கும் அவருக்கும் எதிரெதிர் அறைகள். என் அறையில் எந்த விளக்குக்கு எந்த சுவிட்ச் என்று தெரியாமல் நான் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைத் திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தவர், "இப்படி வாங்க அம்மிணி" என்று தன் அறை வாசலுக்குக் கூப்பிட்டார். எங்கும் பார்க்காமலே இடது கையை நீட்டினார், விளக்கு எரிந்தது. பெட்டியைத் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாக வைத்தார், அது பெட்டி வைக்கும் பலகையில் போய் உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு நடந்து போய்க் கெட்டிலைத் தொட்டார். "அந்த ரெண்டாவது டிராயர்ல தலை காய வெக்கற மெஷின் இருக்கும் பாருங்க" என்றார். இருந்தது. சின்னப் பிள்ளை வித்தை காட்டிவிட்டுக் கைதட்டலுக்கு நிற்பது போல நின்றார்.

எனக்கோ பயண அலுப்பு. "என்ன சார், எல்லா ரூமும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. காலைல கண்ணு முழிச்சா எந்த ஊர்ல கெடக்கோம்னு எப்படிச் சார் தெரியும்?" என்றேன்.

"அது எதுக்குங்க தெரியோணும்? ஊரு ஜன்னலுக்கு வெளிய இருக்குது, இருந்துட்டுப் போகுது. ஊட்ட உட்டுட்டு இவ்வளவு தூரம் வர்றம். ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா கை போற எடத்துல தண்ணி இருக்கோணும். அது போதுமுங்க எனக்கு."

பயந்த சுபாவம் என்று நான் நினைத்துக்கொண்டேன். இங்கிலீஷ் சரளமாக வராது, அந்த ஊர்ச் சாப்பாடு இறங்காது, குளிர் ஒத்துக்கொள்ளாது. இத்தனை புதுசுக்கு நடுவே பழகினது ஒன்று வேண்டியிருக்கிறது, பாவம் என்று விட்டுவிட்டேன்.

கோபன்ஹேகனில் பழைய பையர் கம்பெனி ஒன்று எங்களைக் கைவிட்டது. எங்கள் கம்பெனியின் முதல் பெரிய ஆர்டரே அவர்கள் கொடுத்ததுதான். கொள்முதலுக்கு இளைஞர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். சட்டைக்குச் சில சென்ட் விலை குறைகிறது, அதனால் ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றுகிறோம் என்றார், காபி கொடுத்தார், கை குலுக்கினார். டாக்சியில் திரும்பினோம். ஓட்டல் வாசலில் இறங்கும்போது முதலாளி சொன்னார்.

"நாம மாறுலீங்க அம்மிணி. மொத லாட் எப்படிக் குடுத்தமோ கடைசி லாட்டும் அப்படித்தானுங்க குடுத்தோம்."

உள்ளே வரவேற்பில் இருந்த பெண் அவர் பெயரைச் சொல்லி, திரும்ப வந்ததில் மகிழ்ச்சி என்றாள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "இவங்களாச்சும் பாருங்க" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அது கம்ப்யூட்டர் சார். கார்டைத் தேச்சா உங்க பேரு திரையில வரும், அந்தப் பொண்ணு வாசிக்கும்."

"தெரியுமுங்க. வந்தாலும் வாசிக்கறதுக்கு ஒரு மனசு வேணுமில்லீங்க?"

அதற்கு அடுத்த பயணத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. அதே கோபன்ஹேகன், வேறொரு பையர். காலை உணவுக்குப் பிறகு மேலே போனவர் திரும்பவில்லையே என்று பார்க்கப் போனேன். வேறொரு மாடியில், யாரோ ஒருவருடைய அறைக்கதவில் தன் சாவி அட்டையை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த வெள்ளைக்காரர் துண்டோடு கதவைத் திறந்துவிட்டார். "மன்னிச்சுக்கோங்க" என்று இவர் தமிழில் கும்பிட்டார். அந்த எண், போன வாரம் ஹாம்பர்க்கில் அவர் தங்கியிருந்த அறையின் எண். ஓட்டல்காரர்கள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுப் பழக்கூடை அனுப்பினார்கள். தப்பு செய்தவருக்குப் பழக்கூடை, அதுதான் உறுப்பினர் அட்டையின் மகிமை. திருப்பூர் திரும்பியதும் ஆபீசே இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தது. அவரும் சிரித்தார். எல்லா அறையும் ஒன்று போலவே இருந்தால் யாருக்குத்தான் குழம்பாது?

இன்னொரு நாள் வரவேற்பறையில் நின்று, "எதுத்தாப்புல ஒரு பாலம் இருந்துச்சே, எங்கீங்க?" என்று கேட்டார். பாலம் இருந்தது வேறு ஊரில். அதற்கும் சிரித்தோம்.

அப்புறம் கொரோனா வந்தது, விமானங்கள் நின்றன. மறுபடியும் பறக்க ஆரம்பித்தபோது வெளிநாட்டு வேலையை மகன் பார்த்துக்கொண்டார். முதலாளி வீட்டில் இருந்தார். எப்போதாவது ஆபீசுக்கு வந்தால் எல்லாரிடமும் "நல்லாருக்கீங்களா? சாப்புட்டீங்களா? ஊட்ல எல்லாம் சௌக்கியமுங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போவார். எவ்வளவு அன்பு என்று நெகிழ்ந்தோம். ஒருவர் பெயரையும் அவர் சொல்லவில்லை என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், அவிநாசியில். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, புதுப் பெண் மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். "மாமா இப்பெல்லாம் என்னிய வாங்க போங்கன்னுதான் பேசறாங்க அம்மிணி. காப்பி குடுத்தா நன்றிங்க அப்படீங்கறாங்க. இத்தன வருசத்துக்குப் பொறவு மரியாத வந்திருக்குது பாரு!" பந்தி முழுக்கச் சிரித்தது. ஒரு கிழவி, "என்ற ஊட்டுக்காரருக்கும் அந்த மருந்து எங்க கெடைக்கும்னு கேட்டுச் சொல்லு" என்றாள்.

எங்கள் கோவில்பட்டியாக இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். 'ஏ இவளே' என்று கூப்பிடுகிற மனிதன் திடீரென்று பெண்டாட்டியை 'வாங்கம்மா' என்றால், இந்த ஆளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று தெருவே கூடியிருக்கும். இங்கே அது மரியாதையாகப் போய்விட்டது. வெளியூரில் ஓட்டல் மறைத்தது, உள்ளூரில் ங்க மறைத்தது. இந்த மண்ணின் நல்ல பழக்கம் ஒன்று அந்த மனிதருக்கு இப்படிச் சதி செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது. யார் மேல் ஆத்திரப்படுவது?

ஒரு நாள் அக்கா தட்டில் இட்லி வைத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்தவர், கை கழுவிவிட்டு வந்து, "நெம்ப நல்லா இருந்துச்சுங்க. உங்குளுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டிருக்கிறார்.

கோயம்புத்தூர் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது, போனது திரும்பாது, அவரைப் பயமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பயமில்லாமல் வைத்துக்கொள்வதுதான் முடியவில்லை. அவருக்குத் தன் வீடு யாரோ ஒருவருடைய வீடாகிவிட்டது. அடுத்தவர் வீட்டில் எத்தனை நாள் இருப்பது என்று கூச்சப்பட்டார். படுக்கையில் ஓரமாக உட்கார்ந்திருப்பார், படுக்க மாட்டார். குளிக்கச் சொன்னால், "ரூமுக்குப் போயிக் குளிச்சுக்கறனுங்க" என்பார். பெட்டியில் இரண்டு சட்டையை மடித்து வைத்து வாசலில் கொண்டுவந்து வைப்பார். சரியாகத் தூங்காமல் உடம்பு பாதியாகிவிட்டது. தெரிந்த ஓர் இடம், அவர் நம்பிப் படுக்கிற மாதிரி ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று அக்கா எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டார்.

அவருக்குப் பழகிய ஓட்டல் அறைகளைப் பார்த்த ஆள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். மகன், நான், ஓர் எலக்ட்ரீஷியன் மூவருமாகச் சேர்ந்து அவருடைய படுக்கையறையைக் கொக்கு ஓட்டலாக மாற்றினோம். வெள்ளை விரிப்பு, நான்கு தலையணை, வாசலுக்கு இடது கைப்பக்கம் சுவிட்ச், பெட்டி வைக்கப் பலகை, கெட்டில், இரண்டாவது டிராயரில் தலை காய வைக்கும் மெஷின். என் நினைவில் இருந்தது எல்லாவற்றையும் வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

அவரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். கை தானாகப் போய் விளக்கைப் போட்டது. அக்கா என் கையைப் பிடித்து இறுக்கினார். அவர் உள்ளே போனார். விரிப்பைத் தடவினார், திரைச்சீலையை விரலால் உரசிப் பார்த்தார், சுவர் மூலையில் உறைந்திருந்த பழைய பெயிண்டைப் பார்த்தார். ஒரு வாழ்நாள் முழுக்கச் சாம்பிளையும் சரக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த கண். திரும்பி எங்களிடம், மனம் நோகாதபடி மெதுவாகச் சொன்னார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கறீங்க. ஆனா இது ஜாப் ஒர்க்குங்க."

பெண்டாட்டி முகம் மறந்துவிட்டது, இது மறக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மகன் வெளியே போய்விட்டார்.

அசலுக்கே போவோம் என்றார் அக்கா. கோயம்புத்தூரில் கொக்கு ஓட்டல் ஒன்று வந்திருந்தது. மகனுக்கு ஷிப்மெண்ட் இருந்ததால், மத்தியானத்துக்கு மேல் நானும் அக்காவும் அவரைக் காரில் அழைத்துப் போனோம். அவர் தன் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டார். பலகையில் அந்தப் பறவையைப் பார்த்ததும் முதுகு நிமிர்ந்தது. இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்னால் நடந்தார். பர்சிலிருந்து அட்டையை அவரே எடுத்து நீட்டினார். வரவேற்பில் இருந்த பையன் அதை வாங்கித் திரையைப் பார்த்துவிட்டு, அவர் பெயரைச் சொல்லி, "வெல்கம் பேக், சார்" என்றான்.

"வந்துட்டனுங்க" என்றார் முதலாளி. "எல்லாம் சௌக்கியமுங்களா?"

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பையன் காலில் விழுந்திருப்பார், விட்டிருந்தால்.

மேலே போனோம். பையன் கதவைத் திறந்தான். அவர் உள்ளே காலை வைத்து, எங்கும் பார்க்காமல், இடது கையை நீட்டினார். அங்கே வெறும் சுவர். இன்னும் கொஞ்சம் மேலே தடவினார், கீழே தடவினார். பையன் அவசரமாக எட்டி ஒரு கண்ணாடிச் சதுரத்தைத் தொட்டான், விளக்குகள் மெல்ல மெல்ல எரிந்தன. பெட்டி வைக்கிற பலகை இல்லை. கெட்டில் இல்லை. டிராயரே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய மெத்தையும், சுவரில் கொக்கின் ஒற்றைக் காலை மட்டும் பெரிதாக வரைந்த ஒரு படமும் இருந்தன.

"என்னப்பா இது, கொக்கு ஓட்டல் ரூம் இப்படி இருக்காதே?" என்று நான் பாய்ந்தேன்.

"புது டிசைன் மேடம்" என்றான் அவன், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு. "எல்லா ஊர்லயும் மாத்தியாச்சு. உலகத்துல எங்க போனாலும் இனிமே இதே ரூம்தான்."

அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை, எல்லா ஊரிலும் ஒரே அறைதான். அவனோடு என்ன சண்டை போடுவது? ஹாம்பர்க்குக்கே கூட்டிக்கொண்டு போனாலும் இனி அவருக்கு அந்த அறை கிடையாது.

அவர் சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு மெத்தையின் ஓரத்தில், எதையாவது இடித்துவிடுவோமோ என்கிற மாதிரி, ஒடுங்கி உட்கார்ந்தார். பெட்டியை மறுபடியும் மடியில் எடுத்துக்கொண்டார். அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, என்னிய என்ற ஊட்டுல கொண்டுபோயி உட்டுருவீங்களா?"

அக்கா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "உட்டர்றனுங்க. ஊட்டுல ஆரு இருக்கறாங்க?"

"சம்சாரம் தனியா இருக்குதுங்க. நான் போகாம அது சோறு திங்காது. எந்நேரமானாலும் வாசலப் பாத்துட்டே உக்காந்திருக்கும், பாவம்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எந்திரிங்க. நானே கூட்டிட்டுப் போறனுங்க" என்று கையை நீட்டினார். அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தெரியாத பெண் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர். கட்டிலை ஊன்றித் தானே எழுந்தார்.

லிஃப்டில் மூன்று பேரும் இறங்கினோம். அவர் கொஞ்சம் தள்ளி, பெட்டியோடு நின்றார். அக்கா என் காதோரம் குனிந்தார். "அம்மிணி, ஊடு போயிச் சேந்ததும் சம்சாரம் எங்கீங்கன்னு கேப்பாங்க. நான் ஆரக் காட்டறது?"

அதற்குள் கதவு திறந்துவிட்டது. அவர் கதவு மூடிவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "நீங்க மொதல்ல போங்க" என்றார்.